புளியமரத்தடி வாங்குகளும் லண்டன் நடைபாதை மேசைகளும்

வாசகர் கேள்வி:

"வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கள்ளுத் தவறணையைப் பொறுப்பாகப் பார்ப்பவன் நான். வயது 61. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தவறணையைப் பூட்டினோம். பனைக்கு ஊரடங்கு தெரியாது. காலையும் மாலையும் இறக்கிய கள்ளை முட்டி முட்டியாக நிலத்தில் ஊற்றினோம். திரும்பத் திறந்தபோது மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர், 'உள்ளுக்கு நெருக்கமா இருக்க விடாதேங்கோ, வெளியில இருத்துங்கோ' என்றார். வேலிக்கு வெளியே வீதியோரப் புளியமரத்தின் கீழ் ஆறு வாங்கு போட்டோம். அவை இன்றும் அங்கேதான். இப்போது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் மனுக் கொடுத்து, பொலிஸ் வந்து எடுக்கச் சொல்கிறது. என் பெறாமகன் லண்டனில் ஹரோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். கொரோனா நேரம் அங்கே சட்டம் போட்டே நடைபாதையில் மேசை வைத்துக் குடிவகை கொடுக்க விட்டார்கள் என்கிறான். அந்தச் சட்டம் என்ன? அதைக் காட்டி நாங்களும் கேட்கலாமா? இத்தனை வருடம் இருந்ததால் எங்களுக்கு உரித்து வந்துவிட்டதா? இன்னொரு நோய் வந்தால் திரும்பவும் கள்ளை ஊற்றத்தான் வேண்டுமா?"

பதில்:

ஐயா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். உரித்து வரவில்லை. வாங்குகளை இந்தக் கிழமைக்குள் வேலிக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். வழக்கு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். நீங்கள் எதிர்பார்த்த பதில் இது இல்லை என்று தெரிகிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளங்கப்படுத்தத்தான் மிச்சக் கடிதம்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மாவின் அப்பா மரம் சீவியவர். மரம் ஏறக் காலில் மாட்டும் தளநார் உரசித் தழும்பேறிய அவருடைய கால்களைப் பார்த்து வளர்ந்தவள் நான், இன்று சட்டத்தரணி. கள்ளை நிலத்தில் ஊற்றினோம் என்று நீங்கள் எழுதிய வரியில் என்ன வலி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு தொடங்கக்கூடிய தொழில் இல்லை அது. பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நாள் தவறாமல் சீவினால்தான் சுரக்கும். விட்டால் அந்தப் பாளை போய்விடும். இறக்கிய கள்ளோ சில மணித்தியாலத்தில் புளிக்கத் தொடங்கிவிடும், அடுத்த நாளுக்கு வைத்து விற்க முடியாது. போத்தலில் அடைத்த சாராயம் தட்டில் மாதக்கணக்கில் இருக்கும். ஊரடங்கு இரண்டுக்கும் ஒன்றுதான் என்றாலும் அடி இரண்டுக்கும் ஒன்றில்லை. அதுவும் வன்னியில் பனங்கள்ளு நன்றாக இறங்கும் மாதங்களில் அது வந்து விழுந்தது.

இனி லண்டன் கதை. உங்கள் பெறாமகன் சொன்னது உண்மை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பாதிதான் உங்களுக்கு முக்கியம்.

இங்கிலாந்தில் 2020 ஜூலை 4 அன்று உணவகங்களும் மதுச்சாலைகளும் திரும்பத் திறக்கப்பட்டன. கட்டடத்துக்குள் இடைவெளி விட்டு இருத்தினால் பாதிப் பேருக்குக்கூட இடமில்லை. எனவே ஜூலை 22 அன்று பாராளுமன்றம் நிறைவேற்றி நடைமுறைக்கு வந்தது 2020ஆம் ஆண்டின் வணிக, திட்டமிடல் சட்டம். அதற்குள் இரண்டு வேறு வேறு அனுமதிகள் இருந்தன. வெளியூரில் இருப்பவர்கள் சொல்லும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

முதலாவது, நடைபாதை அனுமதிப்பத்திரம். கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில் மேசை கதிரை வைப்பதற்கு உள்ளூர் சபை கொடுப்பது. கட்டணம் 100 பவுணுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே எல்லை வைத்தது. விண்ணப்பித்த அன்றே கடைவாசலில் அறிவித்தல் ஒட்ட வேண்டும். 7 நாட்கள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அடுத்த 7 நாட்களுக்குள் சபை முடிவு சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அனுமதி கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நடந்து போகிறவர்களுக்கு வழி மறிபடக்கூடாது, குறிப்பாகக் கண் தெரியாதவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் தடையில்லாமல் போக வேண்டும் என்பது விலக்க முடியாத நிபந்தனை. புகைக்காதவர்களுக்குத் தனி இருக்கை வைப்பதும் அப்படியே. நிபந்தனை மீறினால் சபை பத்திரத்தைத் திரும்ப எடுக்கலாம்.

கவனியுங்கள், இந்தப் பத்திரம் மேசைக்குத்தான். மேசையில் வைக்கும் கிளாசுக்கு இல்லை. மது விற்க அங்கே 2003ஆம் ஆண்டின் உரிமம் வழங்கல் சட்டப்படி வேறு உரிமம் வேண்டும். அந்த இடத்தில்தான் 2020 சட்டத்தின் இரண்டாவது அனுமதி வந்தது. கடைக்குள் இருந்து குடிப்பதற்கு மட்டும் உரிமம் வைத்திருந்தவர்களுக்கும், வெளியே கொண்டுபோய்க் குடிப்பதற்கு விற்கலாம் என்று, தனியாக விண்ணப்பிக்காமலே தற்காலிக உரிமை கிடைத்தது. இது இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும். கடையின் வழக்கமான நேரத்துக்குள், எப்படியும் இரவு 11 மணிக்கு முன்னர் முடிக்க வேண்டும். முந்திய மூன்று வருடத்துக்குள் அப்படியான அனுமதி மறுக்கப்பட்டவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. தெருவில் குழப்பம் வந்தால் பொலிஸ் அவசர மீளாய்வு கேட்கலாம், 48 மணித்தியாலத்துக்குள் இடைக்கால நடவடிக்கை எடுக்க வழி வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சட்டத்தில் முடிவுத் திகதி எழுதப்பட்டிருந்தது. 2021 செப்டெம்பர் 30. அந்தத் திகதி வந்தபோது தானாக நீளவில்லை. பாராளுமன்றத்துக்குத் திரும்பப் போய் ஒவ்வொரு முறையும் ஒழுங்குவிதி போட்டு நீட்டினார்கள். கடைசியில் இரண்டு அனுமதிகளும் இரண்டு வழியில் போயின. நடைபாதை மேசை 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் 2024 மார்ச் 31 முதல் நிரந்தரமானது. புதிதாகக் கேட்பவருக்கு 500 பவுண் வரை, புதுப்பிப்பவருக்கு 350 பவுண் வரை கட்டணம், கருத்துக் கேட்க 14 நாள், முடிவுக்கு 14 நாள், பத்திரம் ஆகக்கூடியது இரண்டு வருடத்துக்கு. மதுவை வெளியே விற்கும் தானியங்கிச் சலுகையோ 2025 மார்ச் 31 அன்று முடிந்தே போனது.

ஆகவே உங்கள் பெறாமகனுக்கு இன்றைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். அவருடைய உரிமத்தில் உள்ளே இருந்து குடிக்க மட்டும் என்று எழுதியிருந்து, நடைபாதை மேசைகள் உரிமத்தின் வரைபடத்துக்குள் வராமல் இருந்தால், 2025 ஏப்ரலில் இருந்து அந்த மேசைகளுக்கு மது கொண்டுபோவது அவருக்குச் சிக்கலாகலாம். உரிமத்தில் மாற்றம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டி வரும். அங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேசைக்கான பத்திரம் நிரந்தரமானதைப் பார்த்து, மற்றதும் அப்படித்தான் என்று நினைத்திருக்க இடமுண்டு.

கனடாவிலும் இப்படியே செய்தார்கள். ஒன்ராறியோ மாகாணம் 2020 மார்ச் இறுதியிலேயே, சாப்பாட்டோடு சேர்த்து மதுவை வீட்டுக்குக் கொண்டுபோக உணவகங்களுக்கு இடம் கொடுத்தது. வருட முடிவில் அதை நிரந்தரமாக்கியது. ரொறன்ரோ மாநகரம் 2020 கோடையில் வீதியோரத்தைப் பிரித்து உணவகங்களுக்குக் கொடுத்தது. நாட்டுக்கு நாடு விதி வேறு. ஆனால் எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் கையொப்பமிட்ட ஒரு காகிதம் இருந்தது.

இங்கே என்ன இருந்தது? 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஒக்டோபர் 15 அன்று வர்த்தமானியில் ஒழுங்குவிதிகள் வந்தன. முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, வேலைத்தளங்களில் கட்டுப்பாடு, மீறினால் தண்டனை. எதைச் செய்யக்கூடாது என்று அவை சொல்லின. உரிமம் பெற்ற இடத்துக்கு வெளியே கள் பரிமாறலாம் என்று அவற்றில் எந்த வரியும் இல்லை. தற்காலிகச் சட்டமே நமக்குப் போடத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம், கொவிட் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் என்று ஒன்று வந்தது. நோய்ச் சூழலால் நீதிமன்றக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு அது நிவாரணம் கொடுத்தது. நானே அதைப் பயன்படுத்தி ஒரு ஏழைக் குடும்பத்தின் மேன்முறையீட்டைக் காப்பாற்றியிருக்கிறேன். வழக்காடுகிறவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் போட முடிந்த நாட்டில், மரம் சீவுகிறவர்களுக்கு இரண்டு பக்கத்தில் ஒன்று போட்டிருக்கலாம். போடவில்லை. அதில் எனக்கு மெய்யான கோபம் உண்டு. 2021 ஓகஸ்ட் 20இல் தொடங்கிய முடக்கம் ஒக்டோபர் வரை இருந்தபோது, இடையில் செப்டெம்பர் 17 அன்று மதுபானக் கடைகள் திறக்கப்பட்டு, நாடெங்கும் வரிசை நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போத்தலுக்குக் கிடைத்த கவனத்தில் காற்பங்கு முட்டிக்குக் கிடைத்திருந்தால் வன்னியில் எத்தனையோ அடுப்பு எரிந்திருக்கும்.

ஆனால் சட்டம் வராததற்கு ஈடாக, வராத சட்டம் வந்தது போல நடந்துகொள்ள நமக்கு இடமில்லை. உங்கள் தவறணை நடப்பது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ். அந்த உரிமம் குறித்த ஓர் இடத்துக்கு, குறித்த நிபந்தனைகளோடு கொடுக்கப்படுவது, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. வேலிக்கு வெளியே உள்ள புளியமரத்தடி அந்த இடத்துக்குள் இல்லை. 'வெளியில இருத்துங்கோ' என்று வாயால் சொன்ன அதிகாரி நல்ல மனதோடு சொல்லியிருப்பார். அந்த நேரம் அது நல்ல யோசனையும்கூட, திறந்த வெளியில் நோய் பரவுவது குறைவுதான். இருந்தாலும் சட்டம் கொடுத்த எல்லையை வாய்ச்சொல்லால் அகட்ட அவருக்கு அதிகாரம் இல்லை. இல்லாத அதிகாரத்தில் சொன்ன சொல்லை நம்பி எத்தனை வருடம் நடந்தாலும் அது அனுமதியாக மாறாது. வீதியோரம் பொதுச் சொத்து. பல வருடம் ஆண்டு அனுபவித்தேன், எனக்கு ஆட்சியுரிமை வந்துவிட்டது என்று அரசுக்கு எதிராகச் சொல்ல முடியாது. லண்டனில் சபை பேசாமல் இருந்தால் அனுமதி கிடைத்தது என்றேன் அல்லவா? அது அங்கே சட்டம் அப்படி எழுதப்பட்டதால். இங்கே அப்படி எழுதப்படவில்லை. பிரதேச சபை இத்தனை காலம் ஒன்றும் கேட்கவில்லையே என்பது உங்களுக்குக் கைகொடுக்காது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கடைக்காரரை நினைக்கிறேன். ஒரு அலுவலகத்தில் 'போடுங்கோ, பிரச்சினை வராது' என்று சொன்னதை நம்பி, கைக்காசு முழுவதும் போட்டு வீதியோரம் கொட்டில் போட்டார். சொன்னவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது. பழையவரைத் தேடிப் போய்க் கேட்டபோது தான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்றார். மன்றில் காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கொட்டில் உடைக்கப்பட்ட அன்று அவர் என் அலுவலக வாசலில் உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து யார் வந்து 'அவர் சொன்னவர், இவர் சொன்னவர்' என்றாலும், எழுத்தில் தந்தாரா என்பதுதான் என் முதல் கேள்வி.

மாதர் சங்கத்தின் மனுவைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். நான் அப்படி விட மாட்டேன். வாரத்தில் மூன்று நாள் தாபரிப்பு வழக்குகளுக்காக நீதவான் நீதிமன்றத்தில் நிற்பவள் நான். அங்கே வரும் பெண்களில் குடியைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. போருக்குப் பிறகு வன்னியில் தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களுடைய பெண் பிள்ளைகள் பின்னேர வகுப்பு முடிந்து அந்தப் புளியடியால்தான் வர வேண்டியிருக்கும். சைக்கிளை விட்டு இறங்கி, ஆறு வாங்கிலும் இருப்பவர்களின் கண்ணுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்று ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். கால் இழந்தவர்களும் ஊன்றுகோலில் நடப்பவர்களும் நம் ஊர்களில் எல்லா வீதியிலும் இருக்கிறார்கள். வாங்குக்காக அவர்கள் தார் வீதிக்கு இறங்கி நடந்தால், பின்னால் வரும் உழவு இயந்திரத்துக்கு யார் பொறுப்பு? லண்டன் சட்டத்தில் விலக்க முடியாத நிபந்தனை என்று சொன்னேனே, அது இந்த மனிதர்களுக்காகத்தான் வைத்தது.

மனுவைத் தொழிலுக்கு எதிரான சதி என்று தயவுசெய்து எடுக்க வேண்டாம். தவறணையை மூடச் சொல்லி அவர்கள் எழுதவில்லை என்று நினைக்கிறேன், அப்படியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். வீதியை விடச் சொல்கிறார்கள். அது நியாயமான கேள்வி. நீங்கள் மறுத்தால் அவர்களுக்கு வழியும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுவழியில் உள்ள தடையையோ தொல்லையையோ அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். நீங்கள் மன்றுக்கு வந்து காரணம் காட்ட வேண்டி வரும், காட்ட உங்களிடம் எதுவும் இல்லை. அது பிரதான வீதியானால் 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டத்தின்படி வீதி அபிவிருத்தி அதிகாரசபையும் வரலாம், உள்வீதியானால் பிரதேச சபை. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, உரிமம் புதுப்பிக்கும் நேரம் இந்த முறைப்பாடு மதுவரி அலுவலகக் கோப்பில் கிடப்பது. ஆறு வாங்குக்காகத் தவறணையையே பணயம் வைக்கிறீர்கள். அதை நம்பி எத்தனை சீவல் தொழிலாளர் குடும்பம் இருக்கிறது என்று நீங்கள்தான் என்னைவிட அறிவீர்கள்.

சரி, இனி என்ன செய்யலாம்? வழி இருக்கிறது, அது பின்பக்கம் இருக்கிறது. தவறணைக் காணி சங்கத்துடையதா, குத்தகையா, எத்தனை பரப்பு என்று நீங்கள் எழுதவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் சங்கத்தின் அனுபவத்தில் வெற்றுக் காணி இருந்தால், அதை உரிமத்தின் எல்லைக்குள் சேர்த்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். முதலில் உரிமத்தின் பிரதியை எடுத்து, இடத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் அதில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று ஒரு வரி விடாமல் வாசியுங்கள். பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வாசிக்காமலே காலம் கடத்திய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தைச் சங்கத்தின் கடிதத் தலைப்பில், நிருவாகசபைத் தீர்மானத்தோடு, உங்கள் பகுதி மதுவரி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதி ஒன்றைப் பிரதேச செயலாளருக்கும் கொடுங்கள். காணியின் வரைபடம், எத்தனை இருக்கை, மலசலகூடம், குப்பை எங்கே போகும், எத்தனை மணிக்கு மூடுவீர்கள், வீதிப் பக்கம் என்ன மறைப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கிடுகு வேலி போதும், மதில் வேண்டாம். காற்றோட்டம் என்று சொல்லித்தானே இந்தக் கதையே தொடங்கியது.

அதே கடிதத்தில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டோம் என்றும் எழுதுங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டப்படி அப்படிக் கொடுப்பது எப்படியும் குற்றம். இருந்தாலும் நீங்களாக எழுதிக் கொடுப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு, மாதர் சங்கத்துக்கும் அதைக் காட்டலாம்.

பதில் வராமல் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு, எங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, யாருடைய மேசையில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பல கோப்புகள் அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகுதான் அசைகின்றன. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் சட்டத்துக்குப் புறம்பாக இருந்தால் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை (ரிட்) கேட்டுப் போகலாமா என்று அப்போது பார்ப்போம். இப்போதே அதைப் பற்றி யோசித்துச் செலவுக்குப் பயப்பட வேண்டாம்.

கடைசிக் கேள்வி, இன்னொரு நோய் வந்தால். இதைத்தான் நீங்கள் இப்போதே, நோய் இல்லாத காலத்தில், சங்கங்களாகச் சேர்ந்து கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நெருக்கடி வந்த பிறகு கேட்டால் 'வெளியில இருத்துங்கோ' என்ற வாய்ச்சொல்தான் திரும்பவும் கிடைக்கும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ச் சங்கங்கள் ஒன்றாக ஒரு வரைவு தயாரித்து, பனை அபிவிருத்திச் சபை ஊடாகவும், உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊடாகவும், மதுவரித் திணைக்களம் எந்த அமைச்சின் கீழ் வருகிறதோ அந்த நிதி அமைச்சுக்குக் கொடுங்கள்.

வரைவில் என்ன கேட்பது? லண்டன் மேசையை அப்படியே இங்கே தூக்கி வைக்கக் கேட்காதீர்கள். அங்கே கடை வாசலில் கல் பதித்த நடைபாதை இருக்கிறது, நமக்கு வீதி முடிந்தால் புழுதி, அதற்கப்பால் வாய்க்கால். அங்கே மேசையில் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிறார்கள். தவறணையில் பனையோலைப் பிளாவைக் கையில் ஏந்தி நின்றபடி குடித்துவிட்டுப் போகிறவர்தான் அதிகம். நமக்குப் பொருந்துவது வேறு. தொற்றுநோய் அறிவிக்கப்பட்ட காலத்துக்கு மட்டும், சங்கத் தவறணை மூடிய போத்தலில், ஆளுக்கு இவ்வளவு என்ற அளவில், இருந்து குடிக்க விடாமல், வாங்கிக்கொண்டு போக விற்கலாம் என்று ஓர் ஏற்பாடு கேளுங்கள். சீவுகிறவர் மரத்துக்கும் வீட்டுக்கும் போய்வர ஊரடங்கு அனுமதி கேளுங்கள், வயலுக்குப் போகிற விவசாயிக்குக் கொடுப்பது போல. விற்க முடியாமல் மிஞ்சும் கள்ளை வினாகிரிக்கோ வடிசாலைக்கோ எடுத்துக்கொள்ள ஓர் ஒழுங்கும், அதுவும் முடியாத நாளுக்குத் தொழிலாளருக்கு ஒரு கொடுப்பனவும் கேளுங்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கருப்பணியாக, அதாவது புளிக்காத பதநீராக, இறக்கிப் பனங்கட்டி காய்ச்சும் வழியும் இருக்கிறது. பாட்டி காய்ச்சியது எனக்கு நினைவிருக்கிறது, விறகும் ஆளும் கூட வேண்டும், அதற்குப் பொதுவான அடுப்பு ஒன்று சங்கத்தில் இருந்தால் நோய்க்காலத்தில் மட்டும் இல்லை, எப்போதும் உதவும்.

அந்த வரைவில் முடிவுத் திகதியை நீங்களே எழுதிக் கொடுங்கள். இத்தனை மாதம், நீட்டுவதானால் வர்த்தமானியில் திரும்ப அறிவித்து என்று. முடிவில்லாமல் கேட்டால் ஊர்ப் பெண்கள் எதிர்ப்பார்கள், சுகாதாரப் பகுதியினரும் எதிர்ப்பார்கள், இரு பகுதியும் எதிர்ப்பது சரியாகவே இருக்கும். புளியமரத்தடி வாங்குகள் இத்தனை வருடம் கிடந்ததைப் பார்த்தவர்கள், அடுத்த முறை 'தற்காலிகம்' என்ற சொல்லை நம்ப மாட்டார்கள் அல்லவா? ஊரில் இருந்து யாராவது கருத்துச் சொல்ல எத்தனை நாள், யாரிடம் சொல்வது என்பதையும் வரைவிலேயே வையுங்கள். கிராம அலுவலரின் அறிவித்தல் பலகையில் ஒரு கிழமை ஒட்டினாலே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கள்ளு விற்க முடியாத நாட்களில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்றது என்பதையும் அதில் துணிந்து எழுதுங்கள். என்னிடம் வந்த வழக்குகளிலேயே அந்த மாதங்களின் கதை இருக்கிறது. தவறணை பூட்டியிருந்தபோது குடித்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிடவில்லை. சிலர் நிறுத்தினார்கள், அந்த வீடுகளில் நிம்மதி இருந்தது என்று பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மற்றவர்கள் காட்டோரம் காய்ச்சியதைத் தேடிப் போனார்கள். இரண்டும் உண்மை. அமைச்சுக்கு எழுதும்போது இரண்டையும் எழுதினால்தான் உங்கள் கடிதத்தை நம்புவார்கள்.

வாங்குகளை எடுக்கும் நாளை மாதர் சங்கத் தலைவிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொலிஸ் வந்து எடுப்பித்தது என்று இருப்பதைவிட, நீங்களாக எடுத்தது என்று இருக்கட்டும். எடுத்த திகதியைப் போட்டுப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் பிரதேச சபைச் செயலாளருக்கும் ஆளுக்கொரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். பின்காணி விண்ணப்பத்தை எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன், வரைபடத்தைக் கொண்டுபோய் மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஒருக்கால் விரித்துக் காட்டுங்கள். வேலி எந்தப் பக்கம் வர வேண்டும், எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திவிட்டு அனுப்பலாம். கூட்டத்துக்கு நானும் வர வேண்டும் என்று நினைத்தால் திகதியை எழுதி அனுப்புங்கள் ஐயா, சனிக்கிழமையானால் வருவேன்.